முன்பக்கம் எது என்று கருவிக்கு யார் சொல்வது?

வீட்டு கார் ஷெட்டுக்குள் அடித்த கோல்ஃப் பந்து, மூன்று மீட்டர் தள்ளித் தொங்கும் திரையில் மோதிக் கீழே விழுகிறது. திரையில் தெரியும் படத்திலோ அது 200 மீட்டரைத் தாண்டிப் பறக்கிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து திரையைத் தொட ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. மீதிப் பயணம் முழுக்கக் கணக்கு. பந்து கிளம்பும் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றை அளந்து அந்தக் கணக்குக்குத் தருவதுதான் லாஞ்ச் மானிட்டர்.

பந்துக்கு இரண்டு மீட்டர் பின்னால் வைக்கும் ரேடார் வகையைப் பார்ப்போம். நொடிக்கு 2,400 கோடி முறை அதிரும் அலையை அது அனுப்புகிறது. விலகி ஓடும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையில் அந்த எண்ணிக்கை சுமார் 11,000 குறைந்திருக்கும். இதுதான் டாப்ளர் விளைவு. இருபது லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம். அதிலிருந்து வேகம் கிடைத்துவிடுகிறது! திசைக்கு இன்னொரு உத்தி. அடுத்தடுத்து இருக்கும் ஆன்டெனாக்களில் ஒன்றை அலை முதலிலும் மற்றதைச் சற்றுப் பிந்தியும் தொடும். அந்த நூலிழைப் பிந்தலே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவு நுட்பமான கருவிக்கு ஒன்று மட்டும் தெரியாது. கீழ்ப்பக்கம் எது என்பதைப் புவியீர்ப்பு சொல்லிவிடும். பல கருவிகளுக்குள் இருக்கும் முடுக்கமானி, அதாவது சாய்வை உணரும் சில்லு, அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் முன்பக்கம் எது என்று சொல்ல அறைக்குள் எந்த விசையும் இல்லை. அதை நாம்தான் சொல்லவேண்டும்.

ஒரு டிகிரி தவறாகச் சொன்னால்? திரையில் ஐந்து சென்டிமீட்டர் விலகல். 200 மீட்டரில் அதுவே மூன்றரை மீட்டர், நெடுஞ்சாலையின் ஒரு லேன் அகலம். இதில் ஒரு தந்திரமும் ஒளிந்திருக்கிறது. மட்டையின் முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. கருவி திரும்பியிருந்தால் இரண்டு அளவும் ஒரே டிகிரி தள்ளிப்போகும், வித்தியாசம் மாறாது. வளைவு அச்சாகச் சரியாக இருக்கும், கிளம்பும் திசை மட்டும் பொய்யாக இருக்கும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் கருவியை விட்டுவிட்டுத் தங்கள் கையைத் திருத்தத் தொடங்குகிறார்கள்.

கருவியைக் கண்ணால் நேராக்குவது நடக்காத காரியம். 10 சென்டிமீட்டர் அகலக் கருவியில் ஒரு டிகிரி என்பது ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. நீளமான கோடு வேண்டும். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் 3, 4, 5 கணக்கு இங்கே கைகொடுக்கிறது: திரையோரமாக 3 அடி, குறுக்கே 4 அடி, இரண்டு முனைகளுக்கும் நடுவே 5 அடி வந்தால் கோடு திரைக்குச் செங்குத்து. 6, 8, 10 அடியாக எடுத்தால் பிழை இன்னும் குறையும். அந்தக் கோட்டின் மேல் லேசர் மட்டத்தை வைத்தால், உள்ளே ஊசலாடும் குண்டு ஒளித்தளத்தைச் செங்குத்தாக நிறுத்தும். கருவியின் நடுக்குறி, பந்து, திரையில் குறிவைக்கும் புள்ளி மூன்றும் ஒரே ஒளிக்கோட்டில் வந்துவிடும்.

இடம் போதாமல் பந்தைத் திரையின் நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைப்பவர்கள் உண்டு. அவர்கள் படத்தின் நடுவைப் பார்த்து அடித்தால் ஒன்பது டிகிரிக்கு மேல் கோணலாகும். குறிப்புள்ளியைப் பந்துக்கு நேரே நகர்த்த மென்பொருளில் பெரும்பாலும் வசதி இருக்கும்.

சரிபார்க்க ஒரு அளவு நாடா போதும். பந்து திரையில் பட்ட இடம் கோட்டிலிருந்து 16 சென்டிமீட்டர் வலப்புறம் என்றால், மூன்று மீட்டர் தூரத்துக்கு அது மூன்று டிகிரி. கருவியும் மூன்று என்று காட்டவேண்டும். ஒவ்வொரு அடியிலும் இரண்டு என்றே காட்டினால், கருவியை ஒரு டிகிரி இடப்புறம் திருப்பவேண்டும்.