அழிக்கும் முன் ஒரு நிமிடம்

கம்ப்யூட்டரில் வேண்டாத கோப்பை மௌஸால் தேர்ந்தெடுத்து அழித்தால் அது பெரும்பாலும் குப்பைத் தொட்டியில் போய்க் கிடக்கும். மனம் மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 1995-ல் விண்டோஸ் 95 உடன் வந்த வசதி இது. ஆனால் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி அழிக்கும்போது இந்தத் தொட்டி கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரியிலும் அலுவலகத்திலும் அந்தத் திரையில்தான் வேலை செய்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாமல் அதில் லினக்ஸ் போட்டுக்கொண்ட என் போன்ற பெரியவர்களும் உண்டு. நான் பட்டது மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

லினக்ஸில் கோப்பை அழிக்கும் கட்டளை ஆர்எம். இது 1971-ல் வெளியான யூனிக்ஸ் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. காலியான அடைவை, அதாவது ஃபோல்டரை, நீக்க ஆர்எம்டிஐஆர். விண்டோஸில் இவற்றுக்கு இணையானவை டிஇஎல், ஆர்டி. இந்த எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டவேண்டும். லினக்ஸ் என்றால் சிறிய எழுத்தில்.

காலியாக இல்லாத அடைவை இக்கட்டளைகள் சாதாரணமாக நீக்கமாட்டா. உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து நீக்க, லினக்ஸில் ஆர்எம்முக்குப் பின் சிறு கோடும் ஆர் எழுத்தும் சேர்க்கவேண்டும். விண்டோஸில் ஆர்டியுடன் சாய்கோடும் எஸ் எழுத்தும். அப்போது விண்டோஸ் "நிச்சயமா?" என்று ஒரு முறை கேட்கும். கியூ எழுத்தையும் சேர்த்தால் அதுவும் கேட்காது. லினக்ஸில் எஃப் எழுத்தைச் சேர்ப்பதும் அப்படித்தான். கேள்வியை நிறுத்தும் எழுத்துகள் இவை, பழக்கமாகிவிடக்கூடாது.

என் கதைக்கு வருகிறேன். 1979 முதல் 1996 வரை என் தகப்பனார் லால்குடியிலிருந்து எனக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள் 142. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் பெட்டியோடு கொண்டுபோனேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பசு கன்று போட்டது, மாமாவுக்கு உடம்பு தேவலை என்று எல்லாம் அதில் இருக்கும். கரையான் அரிக்கத் தொடங்கியதும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, உதிர்ந்துபோன தாள்களை வீசிவிட்டேன்.

ஒரு நாள் அதே அடைவில் "காப்பி" என்று தொடங்கும் பெயருள்ள நகல்களை மட்டும் நீக்க எண்ணினேன். கட்டளை, "காப்பி", அதை ஒட்டி நட்சத்திரக் குறி என்று தட்டவேண்டும். "காப்பி" என்று தொடங்கும் எல்லாம் என்பது பொருள். நான் நட்சத்திரத்துக்கு முன் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். "காப்பி என்ற கோப்பையும் அழி, மற்ற எல்லாவற்றையும் அழி" என்று அர்த்தம் மாறிவிட்டது. "காப்பி" என்று எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்தது. மற்றவை அத்தனையும் போய்விட்டன.

உண்மையில் அந்த நொடியில் கடிதங்கள் அழியவில்லை. பார்சல் ஆபீஸ் ரிஜிஸ்டரில் பெயரை அடித்துவிட்டால் மூட்டை அலமாரியில் அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த இடம் காலி என்று நினைத்து அடுத்த மூட்டையை அங்கே வைத்துவிடுவார்கள். வட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆகவே தவறிப்போய் அழித்தவர் உடனே அந்த வட்டில் எழுதுவதை நிறுத்தவேண்டும். நானோ மீட்பு மென்பொருளை அதே வட்டில் இறக்கி, மிச்சம் இருந்த வாய்ப்பையும் கெடுத்துக்கொண்டேன். இப்போது வரும் எஸ்எஸ்டி வட்டுகள் பலவற்றில் காலி என்று குறித்த இடத்தை வட்டே துடைத்துவிடுவதால், மீட்பது இன்னும் கடினம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் "டாய் ஸ்டோரி 2" படத்தின் கோப்புகளை ஓர் ஆர்எம் கட்டளை அழித்துக்கொண்டே போனது. காப்பு நகலும் சரியாக இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சுஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது.

ரயில்வேயில் தண்டவாளத்தைக் கழற்றுமுன் பிளாக் வாங்குவோம். ஸ்டேஷன் மாஸ்டர் பிரைவேட் நம்பர் கொடுத்து உறுதி செய்யாமல் ஸ்பானரைத் தொடமாட்டோம். அந்த ஒழுங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் மறந்தேன். இப்போது கடைப்பிடிப்பவை இவை:

1. முதலில் எந்த அடைவில் நிற்கிறோம் என்று பார்க்கவேண்டும். லினக்ஸில் பிடபிள்யூடி என்று தட்டினால் சொல்லும். விண்டோஸில் வரியின் தொடக்கத்திலேயே தெரியும்.

2. அழிக்கும் கட்டளைக்குப் பதில், அதே பெயர்க்குறியோடு பட்டியல் கட்டளையைத் தரவேண்டும். லினக்ஸில் எல்எஸ், விண்டோஸில் டிஐஆர். வந்த பட்டியலைப் படித்துப் பார்த்து, மேல் அம்புக்குறியை அழுத்தி, முதல் சொல்லை மட்டும் மாற்றவேண்டும். நான் இதைச் செய்திருந்தால் 142 கடிதங்களும் கண்முன் வந்திருக்கும்.

3. ஆர்எம்முடன் சிறு கோடும் ஐ எழுத்தும், டிஇஎல்லுடன் சாய்கோடும் பி எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கும்.

4. அருமையானவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு வட்டில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்கவேண்டும்.

நான்காவதுதான் என்னைக் காப்பாற்றியது, அதுவும் பாதி. ஸ்கேன் வேலை முடியுமுன் தஞ்சாவூரில் இருக்கும் தங்கைக்கு ஒரு பென் டிரைவில் 96 கடிதங்களைக் கொடுத்திருந்தேன். அவை திரும்பக் கிடைத்தன. மீதி 46-ல் அப்பாவின் கடைசி இரண்டு வருடக் கடிதங்களும் அடக்கம்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி என்ன இருக்கிறது, அதன் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது என்று இன்றே ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.