கிட்ட இருக்கும் சியோலுக்கு அதிக நேரம்... தூர ஜெர்மனிக்குக் குறைந்த நேரம்! - ஒரகடம் சொல்லும் விமானக் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கொரிய எழுத்தில் ஹோட்டல் போர்டுகளைப் பார்க்கலாம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்த காலத்திலிருந்தே, கொரியர்களுக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு உண்டு. ஒரகடத்தில் 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை வந்தது. அதன் தலைமையகம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருகே.

இந்த இரண்டு நாடுகளில் எது நமக்குப் பக்கம்? கொரியாதான். சென்னையிலிருந்து சியோல் நேர்கோட்டில் சுமார் 5,300 கி.மீ. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் சுமார் 7,600 கி.மீ.

ஆனால், பயண நேரம் தலைகீழ்! பிராங்க்ஃபர்ட்டுக்கு சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. சுமார் 10 மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சியோல் போகிறவர்களோ பெரும்பாலும் ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் விமானம் மாறுகிறார்கள். காத்திருப்பையும் சேர்த்தால் 12 மணி நேரத்தைத் தாண்டிவிடும். நேராகப் பறந்தால் 7 மணி நேரம் போதும்.

எந்த ஊர் வழியாகப் போகலாம்?

ஹாங்காங் கிட்டத்தட்ட போகிற வழியிலேயே இருக்கிறது. அந்த வழியில் மொத்தம் சுமார் 5,800 கி.மீ. சிங்கப்பூர் தெற்கே தள்ளி இருப்பதால் அந்த வழியில் 7,500 கி.மீ. ஆகிவிடும். தூரம் மட்டும் பார்த்தால் போதாது. இடையில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

கடிகாரம் ஏமாற்றும்!

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி 13 மணி நேரம் பயணித்தால், நம் வீட்டுக் கடிகாரத்தில் பகல் 1 மணி. சியோலில் அப்போது மாலை 4.30. இறங்கியதும் போன் வரவில்லையே என்று வீட்டில் பதறும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

டிக்கெட் ஒன்றா, இரண்டா?

முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று தனித்தனியாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெட்டியை நடுவழியில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்காக அந்த நாட்டு விசாகூட தேவைப்படலாம்.

பயிற்சிக்காகப் போகிறவருக்கு ஐந்து மணி நேரம் கூடினால் அலுப்புதான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்து ஓடுகிறவருக்கு அது அப்படி இல்லை. அது சியோலிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவராக இருந்தாலும் சரி, இங்கிருந்து அங்கே போன நம் பிள்ளையாக இருந்தாலும் சரி.