சந்நிதியில் நிற்கத் தெம்பு வேண்டும்

இறைவனை வணங்க மனம் மட்டும் போதாது. கால்களும் ஒத்துழைக்க வேண்டும். பிராகாரத்தை வலம் வர, கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கி எழ, தீபாராதனை முடியும் வரை கூட்டத்தில் நிற்க உடலில் தெம்பு இருக்க வேண்டும். பழனி மலைப் படிகளையும் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையையும் ஒரு காலத்தில் எளிதாகக் கடந்த பெரியோர் பலர், எழுபது வயதை நெருங்கும்போது தெருக்கோடியில் உள்ள கோயிலுக்குச் செல்வதைக்கூடக் குறைத்துக்கொள்கின்றனர். காரணம் கேட்டால், "வயதாகிவிட்டது" என்பதே பதில். அந்தச் சோர்வில் ஒரு பகுதி வயதினால் வருவது உண்மை. மற்றொரு பகுதி உண்ணும் உணவினால் வருகிறது. அந்தப் பகுதியைச் சரிசெய்துகொள்ள வழி உண்டு.

உடம்பைப் பேணுவது ஆன்மிகத்துக்கு மாறானது என்று நம் முன்னோர் கருதவில்லை. உடம்பை முதலில் இழிவாக எண்ணியிருந்து, பின்னர் அதனுள் இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் திருமந்திரத்தில் கூறுகிறார். வைத்தீஸ்வரன் கோயிலில் ஈசனையே வைத்தியநாதராக வணங்குகிறோம். திருவரங்கத்தில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. உடல் நலத்தை இறைவனிடம் வேண்டும் நாம், நம் பங்குக்குச் செய்ய வேண்டியதையும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

பெயர் சொல்லாத பழைய நூல்கள்

ஓய்வுபெற்ற பெரியோரிடம் ஒரு நல்ல பழக்கத்தைக் காண்கிறேன். உடல் நலம் பற்றிய நூல்களை விரும்பி வாங்குகின்றனர். நாளிதழ் இணைப்புகளில் வரும் குறிப்புகளைக் கத்தரித்துக் கோப்பில் வைக்கின்றனர். கைப்பேசியில் வரும் செய்திகளையும் விடாமல் படிக்கின்றனர். ஆனால் இக்குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரு பொருளின் பெயரோடுதான் தொடங்குகின்றன. இந்தக் கீரை சர்க்கரையை ஓட்டும், அந்தச் சாறு சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும், இந்தத் தானியம் இளமையைத் திருப்பித் தரும் என்கின்றன.

நம் பழைய நூல்களின் போக்கு வேறு. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதிலுள்ள பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது செரித்ததா, நன்றாகப் பசிக்கிறதா, உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா, அளவு எவ்வளவு என்பவையே வள்ளுவரின் கவலை. மருந்தைத் தலைப்பாகக் கொண்ட அந்த அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரோ, ஒரு காயின் பெயரோ இல்லை!

பகவத்கீதையும் அப்படியே. 17-ஆம் அத்தியாயத்தில் சாத்விக, ராஜச, தாமச உணவுகளைக் கண்ணபிரான் பிரித்துக் காட்டுகிறார். ஆயுள், பலம், ஆரோக்கியம், மகிழ்ச்சி ஆகியவற்றை வளர்ப்பதும், சாரமும் நெய்ப்பும் உள்ளதும் சாத்விகம். மிகுந்த காரம், புளிப்பு, உப்பு உடையது ராஜசம். ஆறிப் பழையதாகிச் சுவை கெட்டது தாமசம். இங்கும் தன்மையே கூறப்படுகிறது. இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். மிகுதியாக உண்பவனுக்கு யோகம் கைகூடாது என்று 6-ஆம் அத்தியாயத்தில் சொல்லும் பகவான், உண்ணாமலே இருப்பவனுக்கும் அது கைகூடாது என்கிறார். முதுமையில் நாம் மறப்பது இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

சரக சம்ஹிதை இதை முறையாக வகுத்துத் தருகிறது. உணவைப் பற்றி முடிவு செய்யுமுன் எட்டுச் செய்திகளைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த ஆயுர்வேத நூல். பொருளின் இயல்பு, சமைக்கும் பக்குவம், சேர்க்கை, அளவு, இடம், காலம், உண்ணும் முறை, உண்பவர் என்பவை அவை. உண்பவரையும் அந்த எட்டில் ஒன்றாக வைத்தது எவ்வளவு நுட்பமான பார்வை! இன்றைய குறிப்புகள் பலவற்றில் விடுபட்டுப் போகிறவர் அந்த உண்பவரே.

எவருக்கு? எவ்வளவு? எதனோடு?

வங்கியில் கடன் விண்ணப்பம் ஒன்றைப் பார்க்கும்போது, கேட்பவர் யார், எவ்வளவு கேட்கிறார், ஏற்கெனவே அவருக்கு வேறு என்ன கடன்கள் உள்ளன என்று மூன்று கேள்விகள் கேட்போம். உடல் நலக் குறிப்பு எதைப் படித்தாலும் இதே மூன்றையும் கேட்கலாம். இது எவருக்கு? எவ்வளவு? எதனோடு சேர்த்து?

இளநீர் நல்லதுதான். ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இரத்தத்தில் தேங்கித் தீங்கு செய்யக்கூடும். கீரை நல்லதுதான். ஆயினும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு, கீரையை ஒருநாள் மிகுதியாகவும் ஒருநாள் அறவே இல்லாமலும் உண்டால் மருந்தின் வேலை மாறுபடும். அதிமதுரத்தை நாள்தோறும் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் உயரலாம். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையைப் போலவே இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுபவை. இந்துப்பும் பெரும்பகுதி சாதாரண உப்பே. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வற்றலில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

தட்டில் ஒரு வரவு செலவு

எவ்வளவு என்னும் கேள்விக்கு வருவோம். மரக்கறி உண்ணும் நம் இல்லங்களில் முதியோருக்கு மிகவும் குறைவது புரதம். வயது ஏற ஏறத் தசை தானாகவே கரைகிறது. நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருப்பதும், படியேறத் தயங்குவதும் அதன் அடையாளங்கள். தசை கரைந்தவர் தடுக்கி விழுவதும், விழுந்தவருக்கு எலும்பு முறிவதும் நாம் கண்ணால் காண்பவைதாமே!

நல்ல உடல் நலமுள்ள வயது வந்தவருக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம் ஆகிறது. முதியோருக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு.

இப்போது வரவைப் பார்ப்போம். சமைக்காத நிலையில் எடை போட்ட 30 கிராம் பருப்பில் 6 முதல் 7 கிராம் புரதம் இருக்கிறது. 30 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 6 கிராம். 200 மில்லி பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல். ஒரு பெரிய கிண்ணம் தயிரிலும் ஏறத்தாழ அவ்வளவே. நாள் முழுவதும் உண்ணும் அரிசி, கோதுமை 200 கிராம் என்றால் அவற்றிலிருந்து சுமார் 16 கிராம். இருவேளை பருப்பு, ஒருவேளை சுண்டல், ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் கணக்கு 50-ஐ நெருங்குகிறது. காலையில் இரண்டு இட்லி, பகலில் ரசம் சோறு, இரவில் கஞ்சி என்று சுருக்கிக்கொண்டவரின் கணக்கில் பற்று எவ்வளவு என்பதை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவிலேயே நிற்க வேண்டும்.

புரதத்தோடு அசைவும் சேர்ந்தால்தான் தசை நிற்கும். நாள்தோறும் நடப்பதும், கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியில் அமர்ந்து எழுவதும் நல்ல பயிற்சிகள். விழுந்துவிடும் அச்சம் உள்ளவர்கள் அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பிரதட்சிணமும் பயிற்சிதான், நாம சங்கீர்த்தனத்துடன்!

நைவேத்தியம் சொல்லும் பாடம்

இந்தக் கணக்கு நம் வழிபாட்டு முறைக்குப் புதியதன்று. நவராத்திரியில் ஒன்பது நாளும் கடலை, பயறு, மொச்சை, காராமணி என்று விதவிதமான சுண்டல்களை அம்பிகைக்குப் படைக்கிறோம். ஒன்பது நாளோடு நிறுத்திவிடாமல், ஆண்டு முழுவதும் மாலையில் ஒரு சிறு கிண்ணம் சுண்டலை வழக்கமாக்கலாம். பல் இல்லாதவர்கள் நன்கு குழைய வேகவைத்து மசித்து உண்ணலாம். மார்கழியில் தரும் வெண்பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்பு சேர்கிறது. மிளகும் சீரகமும் செரிமானத்துக்குத் துணை என்று சேர்ப்பது வழக்கம். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் கோயில் இட்லி, உளுந்தும் அரிசியும் கலந்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து ஆவியில் வெந்தது.

பிரசாதத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அது கையளவே கிடைக்கிறது. அந்த அளவிலேயே மனம் நிறைகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றி, ஒரு விரல்நுனி உண்டு, மீதியைப் பேரக்குழந்தைக்குக் கொடுத்தாலும் அருள் குறைந்துவிடாது.

துவாதசிப் பாரணையை எண்ணிப் பாருங்கள். அகத்திக் கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இலையில் இடம்பெறுகின்றன. கீரையில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர வைட்டமின் சி துணை செய்கிறது. அது நிறைந்த கனி நெல்லி. சரகர் சேர்க்கை என்று சொன்னது இதுபோன்றதே. இதற்கு நேர்மாறான சேர்க்கையும் உண்டு. உணவு முடிந்ததும் பருகும் காபியும் தேநீரும் அந்த இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிப் பருகுவது நல்லது.

விரதமும் மாத்திரையும்

ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் என்று விரதம் காக்கும் முதியோர் பலர், அன்று மாத்திரையையும் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் மாத்திரையை எடுத்துக்கொண்டு உணவை விட்டுவிடுகின்றனர். இரண்டும் ஆபத்து. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனச் சரியக்கூடும். உடல் நடுங்கி, வியர்த்து, நினைவு தடுமாறும். தரிசன வரிசையில் இப்படி நேர்ந்தால் உடனிருப்பவருக்கும் என்னவென்று புரியாது.

நீர், கிழங்கு, கனி, பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று மகாபாரதத்தின் உத்தியோக பருவம் கூறுகிறது. மருந்து அப்பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். விரதம் இருக்க விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லி, அன்றைய மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாலும் பழமும் கொண்டு நோற்பது எவ்வகையிலும் குறைந்த விரதமாகாது. கோயிலுக்குச் செல்லும்போது பையில் சிறிது கற்கண்டு இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். முதுமையில் தாக உணர்ச்சியே குறைந்துவிடுகிறது. இதில், கோயிலில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சிக் காலையிலிருந்தே நீர் அருந்தாமல் புறப்படுவோர், குறிப்பாகப் பெண்கள், மிகப் பலர். தலைசுற்றலுக்கும் மயக்கத்துக்கும் இதுவே காரணமாகலாம். கழிப்பறை வசதியை முன்பே விசாரித்துக்கொண்டு, நீரை விடாமல் அருந்த வேண்டும். இதய, சிறுநீரக நோயினால் நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் அவ்வளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உணவு மட்டும் தீர்க்காத சோர்வு

முறையாக உண்டும் சோர்வு நீங்கவில்லையெனில், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை. இரத்த சோகையும் தைராய்டு குறைவும் முதுமையின் வேடத்தில் வரக்கூடியவை. வைட்டமின் பி12 குறைவும் அத்தகையது. அச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. மரக்கறி உண்போருக்குப் பாலும் தயிருமே முக்கிய வழி. வயதாக ஆக உடல் அதை ஏற்பதும் குறைகிறது. சர்க்கரைக்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்போருக்கு இன்னும் குறையலாம். களைப்பு, பாதத்தில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை அதன் அறிகுறிகள். எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்யலாம். இதை அறியாமல் ஒருவர் வீட்டோடு முடங்கிப் போவது எவ்வளவு வருந்தத்தக்கது!

ஆகவே, படியுங்கள், நிறையப் படியுங்கள். பழைய நூலாயினும் புதிய குறிப்பாயினும், எவருக்கு, எவ்வளவு, எதனோடு என்று கேட்டுப் படியுங்கள். நீங்கள் எடுக்கும் மருந்துகளையும் நாள்தோறும் உண்பவற்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்தமுறை மருத்துவரைக் காணும்போது கொண்டு செல்லுங்கள். இன்று மாலை ஒரு பிடி கடலையை ஊறப்போட்டு வையுங்கள். அடுத்த பிரதோஷத்தில் நந்தியெம்பெருமான் முன் நெடுநேரம் நின்று தரிசிக்கும் வலிமையை வைத்தியநாதன் உங்களுக்கு அருள்வானாக!