மூளைக்குள் ஒரு மேஸ்திரி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலை அறியாத வீடு அரிது. சுண்ணாம்பில் ஊறும் தோலை எப்போது எடுக்கவேண்டும் என்பதை மேஸ்திரி அறிவார். அளவு மீறி ஊறினால் தோலின் பிடிப்புத் தளர்ந்து சரக்குக் கெடும். எந்தச் சரக்கு எப்போது இறங்கிற்று என்பதை அவர் நினைவில் வைத்திருக்கிறார். அவசரப்படும் கைகளைத் தடுக்கிறார். நிலைமை மாறினால் திட்டத்தையும் மாற்றிக்கொள்கிறார்.

மனித மூளையிலும் இதே மூன்று பணிகள் நடைபெறுகின்றன. உளவியலார் இவற்றை நிர்வாகச் செயல்திறன் என்பர். நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முற்பகுதிக்கு இதில் பெரும்பங்குண்டு. அப்பகுதி முழு வளர்ச்சி எய்த ஏறத்தாழ 25 வயதாகிறது. ஆகவே, 18 வயதில் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்குள் இருக்கும் மேஸ்திரி இன்னும் தொழில் பழகிக்கொண்டிருப்பவரே.

இத்திறனை அளக்க, 1935-ல் ஸ்ட்ரூப் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட சோதனை இன்றும் கையாளப்படுகிறது. பச்சை மையில் ‘சிவப்பு’ என எழுதிக் காட்டி, மையின் நிறம் யாதெனக் கேட்பர். நாவு ‘சிவப்பு’ எனச் சொல்லவே முந்தும். அதை அடக்கிப் ‘பச்சை’ எனச் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். வீட்டில் செய்து பாருங்கள். (உருது மட்டும் வாசிக்கத் தெரிந்த பாட்டியார் தடுமாற மாட்டார்; தமிழ் எழுத்து அவரை இழுக்காதல்லவா!)

இணையத்தில் மூழ்கிக் கிடப்பதை ஒரு நோய்போல் ஆராயத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளவியலார். 1998-ல் அவர் வகுத்த 20 வினாக்களைக் கொண்டு பல நாடுகளில் மாணவர்களை ஆராய்ந்துள்ளனர். அடிமைத்தனம் மிகுந்தவர்கள், தம்மை அடக்கிக்கொள்ளும் சோதனைகளிலும் நினைவுச் சோதனைகளிலும் பின்தங்குவதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் எது காரணம், எது விளைவு? திறன் குன்றியவர் இணையத்தில் சிக்கினாரா, சிக்கியதால் திறன் குன்றிற்றா? ஒருமுறை மட்டும் அளந்து பார்க்கும் ஆய்வு இதற்கு விடை தராது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே என் எண்ணம். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் மின்விளையாட்டுக் கோளாற்றை மட்டுமே நோய்ப்பட்டியலில் ஏற்றது. எனவே, கைபேசி வைத்திருக்கும் பிள்ளையை எல்லாம் நோயாளி என்றுவிடலாகாது.

ஆயினும் நம் பகுதியில் இழப்பு சிறிதன்று. 1919-ல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, ஆம்பூர் மழ்ஹருல் உலூம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆகியவற்றில் பயில்வோருள் பலர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்கள். ஷூ கம்பெனியில் தாய் தைத்து ஈட்டிய ஊதியம், தேர்வுக் கட்டணமாகப் போகிறது. 2016-க்குப்பின் இணையம் மலிந்தது. இஷாவுக்குப் பின் எடுத்த கைபேசியைப் பஜ்ர் பாங்கு ஒலிக்கும்வரை கீழே வைக்காத மாணவர்களை அறிவேன். உறக்கம் கெட்டாலே கவனமும் தன்னடக்கமும் தளரும். மாலையில் ஓத வரும் கல்லூரி மாணவர்களுக்கு அறிவில் குறைவில்லை. ஆனால், தொடங்கிய பாடம் முடியுமுன் கை பையைத் துழாவுகிறது.

இவர்களிடம் “மனத்தைக் கட்டுப்படுத்து” என்று மட்டும் சொல்வது, அயர்ந்துபோன மேஸ்திரியையே மீண்டும் காவலுக்கு நிறுத்துவதாகும். 2017-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலி அடக்கிய கைபேசியை மேசைமீதும் பையிலும் அடுத்த அறையிலும் வைக்கச் செய்து தேர்வு நடத்தினர். அடுத்த அறையில் வைத்தவர்களே சிறந்து விளங்கினர். பிற்காலச் சில ஆய்வுகளில் இவ்விளைவு தென்படவில்லை என்பதும் உண்மை. எனினும் செலவில்லாத இம்முறையைச் சோதித்துப் பார்ப்பதில் நட்டமென்ன?

மீறிப்போனால் மருத்துவ உதவி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமோ, நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்வதில் முன்னோடி. கைபேசி விஷயத்திலும் குடும்பத்தாரின் பங்கு இன்றியமையாதது. இரவில் அனைவரின் கைபேசிகளும் கூடத்தில் ஒரே இடத்தில் மின்னேற்றப்படட்டும். சரக்கு விலை பேசும் தந்தையின் கைபேசிக்கும் விலக்கு வேண்டாம். கூடவே ஓர் அலாரக் கடிகாரமும் வாங்கிவிடுங்கள். காலையில் எழுப்பக் கைபேசி வேண்டும் என்னும் சாக்கு அத்தோடு போகும்.