பொதுச் சொத்தும் போலிப் பதிப்புரிமையும்: வன்னி நூல்களை முன்வைத்து

பழைய நூல்களின் மறுபதிப்புகளில் “எல்லா உரிமையும் பதிப்பாளருக்கே” என்னும் தொடரைப் பல வேளைகளில் காண்கின்றோம். ஆசிரியர் மறைந்து ஒரு நூற்றாண்டு கழிந்த நூல்களிலும் இது இடம்பெறுவதுண்டு. இவ்வழக்கம் பொதுச் சொத்தைத் தனியுடைமையாகக் காட்டும் கருவியாக மாறுமாற்றை ஈண்டு வன்னி நூல்கள் சிலவற்றின் வழி நோக்குவோம்.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, இலங்கையில் ஒரு நூலின் உரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுட்காலத்திலும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் நிலைக்கும். அதன்பின் அந்நூல் பொதுச் சொத்தாகும். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஜே. பி. லூயிஸ் ஆங்கிலத்தில் எழுதிய கைந்நூல் 1895 இல் கொழும்பில் வெளிவந்தது. அவர் 1923 இல் மறைந்தார். எனவே 1993 ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் அந்நூலை எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம்.

வன்னியர் குடியேற்றம் பற்றிக் கூறும் வையாபாடல் இன்னொரு வகையான எடுத்துக்காட்டாகும். வையாபுரி ஐயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் இந்நூலை, க. செ. நடராசாவின் பதிப்பாகக் கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1980 இல் வெளியிட்டது. இத்தகைய பதிப்புகளில் ஆராய்ச்சி முன்னுரையும் குறிப்புகளும் பதிப்பாசிரியரின் உழைப்பாகும். அவற்றுக்கு அவர் உரிமையுடையவர். மூலச் செய்யுளோ அனைவர்க்கும் பொதுவானது. குளக்கட்டைத் திருத்தியவர் தம் உழைப்புக்குக் கூலி கேட்கலாம். குளத்து நீர் முழுவதும் தமதென்று கூறலாகாது என்பதை வன்னி உழவர் நன்கறிவர்.

நாட்டார் பாடல்கள், கூத்துகள் ஆகியவற்றின் நிலை சற்று வேறானது. அவற்றை வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ பயன்படுத்துவதை அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. எனினும் அனுமதி வழங்கும் அதிகாரம் அதற்கென விதிக்கப்படும் அதிகாரிக்கே உரியது. ஆகவே, முல்லைத்தீவின் கோவலன் கூத்தைத் தொகுத்தோ ஒலிப்பதிவு செய்தோ வெளியிடும் ஒருவர் அக்கூத்துக்கே உடைமையாளர் ஆகிவிடார்.

போலி உரிமைக்கோரல் எவ்வாறு நிலைபெறுகின்றது? பிறந்தநாள் வாழ்த்தாக உலகெங்கும் பாடப்படும் ஆங்கிலப் பாடலின் வரலாறு இதற்குச் சான்று. அதன் மெட்டு 1893 இல் ஹில் சகோதரியர் வெளியிட்டது. எனினும் வோர்னர் சப்பல் நிறுவனம் அப்பாடலுக்குப் பணம் வசூலித்து வந்தது. ஆவணப்படத்திற்காக 1,500 டொலர் செலுத்திய ஒருவர் வழக்குத் தொடர்ந்தபோதே, அந்நிறுவனத்திடம் பாடல் வரிகளுக்கான செல்லுபடியாகும் உரிமை இல்லையென 2015 இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1 கோடியே 40 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. இதன் அடிப்படை சட்டத்தின் சமனின்மையே. அமெரிக்கச் சட்டத்தில், வேண்டுமென்றே உரிமையை மீறுவோர் ஒரு படைப்புக்கு 1,50,000 டொலர் வரை இழப்பீடு செலுத்த நேரிடலாம். மோசடியாக உரிமை அறிவிப்பு இடுவோர்க்கு உச்சத் தண்டமே 2,500 டொலர்தான். அஞ்சுவோர் பணிகின்றனர், கோருவோர் எதனையும் இழப்பதில்லை.

வன்னியில் இதன் விளைவு கடுமையானது. 2009 இல் முடிவுற்ற போரின்போது மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர்; நூல்களும் ஏடுகளும் அவர்களுடனேயே அழிந்தன. எஞ்சியவை நிலைபெற வேண்டுமாயின் படிகள் பெருக வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இத்தேவையிலிருந்தே எழுந்தவை. போலி அறிவிப்பொன்றைக் கண்டு ஓர் ஆசிரியரோ நூலகரோ படியெடுக்கத் தயங்குவாராயின், கடைசிப் படியே அழிந்துபோக இடமுண்டு.

ஆதலின், மறுபதிப்பாளர் தாம் புதிதாகச் சேர்த்தது எது என்பதை முகப்பின் பின்பக்கத்தில் தெளிவுறக் குறித்தல் வேண்டும். படிப்போரும் ஆசிரியர் மறைந்த ஆண்டு, முதற்பதிப்பு ஆண்டு, புதிய சேர்க்கை ஆகிய மூன்றையும் வினவுதல் வேண்டும். மக்கள் தேடிவைத்த செல்வத்தை மக்களிடமே நிலைநிறுத்த இவ்வினாக்கள் துணைசெய்யும்.