அந்தத்தைத் தன்னுள்ளே சுமக்கும் தரவு

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் கோப்பைப் பிரித்துப் பார்ப்போமானால், முன்புறத்தில் ஒரு சிறு நிரலும், அதன் வயிற்றுக்குள் பெரும்பாலும் ஜிஜிப் போன்றதொரு முறையில் சுருக்கிய உண்மைக் கெர்னலும் இருக்கக் காண்போம். அச்சுருக்கத் தரவு எத்தனை பைட் நீளமுடையது என்று அளக்கப் புகுந்தவனுக்கு, ஆரம்பம் எளிதில் அகப்படுகிறது, அந்தமோ அகப்படுவதில்லை.

ஜிஜிப் தரவு 31, 139 என்ற இரு பைட்டுகளோடும், டிஃப்ளேட் முறையைச் சுட்டும் 8 என்ற மூன்றாவது பைட்டோடும் தொடங்கும். அதன் வாலில் உள்ள 8 பைட்டுகளில் முதல் நான்கு பிழை சோதிக்கும் எண். பின் நான்கு, விரித்தபின் வரும் நீளம். சுருக்கிய நீளம் மட்டும் எங்குமே எழுதப்படவில்லை. மூலம் முழுவதும் வந்து சேர்வதற்கு முன்பே சுருக்கி அனுப்பத் தொடங்கலாம் என்பதே இம்முறையின் நோக்கமாதலால், முகப்பை எழுதும் வேளையில் அந்த நீளம் எழுதுபவனுக்கே தெரியாது.

அடுத்த 31, 139 வரும் இடமே எல்லை என்று கொள்ளலாமோ எனின், அது மோசம் போகும் வழி. நன்கு சுருக்கிய தரவு ஒழுங்கற்ற எண்களைப் போலவே தோற்றமளிப்பதால், அவ்விரு பைட்டுகளும் சராசரியாக 65,536 இடங்களுக்கு ஒரு முறை தற்செயலாகவே சேர்ந்து நிற்கும். 64 மெகாபைட் தரவில் ஏறக்குறைய 1,024 பொய்யடையாளங்கள்!

ஆதலால் விரித்துப் படித்துக்கொண்டே செல்வதே உத்தமமான உபாயம். டிஃப்ளேட் தரவு பல பகுதிகளாக வருகிறது. ஒவ்வொரு பகுதியின் முதல் பிட், இதுவே கடைசிப் பகுதியா என்பதையும், அடுத்த இரு பிட்டுகள் பகுதியின் வகையையும் கூறுகின்றன. சுருக்கப்பட்ட பகுதியில் 0 முதல் 255 வரையுள்ள குறியீடுகள் பைட்டுகளையே குறிக்க, 256 என்பது ‘பகுதி முடிந்தது’ என்று அறிவிக்கிறது. கடைசிப் பகுதியின் 256 ஒரு பைட்டின் மூன்றாம் பிட்டோடு முடிந்ததானால், மிச்சமுள்ள ஐந்து பிட்டுகளை வெறும் நிரப்பாகக் கழித்து, அடுத்து வரும் 8 பைட் வாலையும் சேர்த்து எண்ண வேண்டும். ழான்-லூப் கையியும் மார்க் ஆட்லரும் வகுத்த ஸெட்லிப் நிரல்தொகுப்பு, தான் உட்கொண்ட பைட்டுகளின் எண்ணிக்கையைத் தானே வைத்திருப்பதால், அக்கணக்கு சித்தமாகவே கிடைக்கும்.

விரித்தெடுத்ததன் நீளமும் சோதனை எண்ணும் வாலில் உள்ளவற்றோடு ஒத்துவந்தால், நாம் கண்ட எல்லை ஊகமன்று, நிரூபணமானது என்று நிச்சயமாய் நம்பலாம். முகப்பில் எழுதப்படாத அளவு தரவின் ஒவ்வொரு பிட்டிலும் மறைந்திருக்கிறது. பொறுமையுடன் இறுதிவரை வாசித்தவனுக்கே அது வெளிப்படுகிறது.