சைன் அலை இன்வேட்டரும் மின்கல மின்னேற்றமும்: ஒரு விளக்கம்

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோர் பலர். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, வசதி படைத்தோர் இன்வேட்டரை நாடினர். முன்னையதன் இயக்கத்தைச் சிறுவரும் அறிந்திருந்தனர். பின்னையதோ மூடிய பெட்டியாகவே வாங்கப்பட்டது. தன்னுள் அடங்கிய உழைப்பையும் அறிவையும் மறைத்து நிற்பது பண்டத்தின் இயல்பு. எனவே அப்பெட்டியைத் திறந்து நோக்குதல் பயனுடையதாகும்.

மின்கலம் தருவது 12 வோல்ற்று நேரோட்டம். வீட்டுச் சாதனங்கள் வேண்டுவது 230 வோல்ற்று, 50 ஏட்சு ஆடலோட்டம். நான்கு மொஸ்பெற்று ஆளிகளைப் பாலமாக இணைத்து, 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றி, நிலைமாற்றியால் அழுத்தத்தை உயர்த்தினால் ஆடலோட்டம் கிடைக்கும். ஆயினும் அது சதுர அலையே. அதனால் மின்விசிறி இரையும்; மோட்டார் சூடேறும்.

ஆளிக்கு மூடலும் திறத்தலுமன்றி வேறு நிலையில்லை. இவ்விரு நிலைகளிலிருந்து சீராக எழுந்து தாழும் அலையைப் பெறுவது எங்ஙனம்? நுண்கட்டுப்படுத்தியின் பணி இதுவே. செக்கனுக்கு 20,000 துடிப்புகள் எனக் கொள்வோமாயின், ஓர் அரையலையில் 200 துடிப்புகள் அமையும். ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கவேண்டிய நேரத்தை, நினைவகத்திலுள்ள சைன் அட்டவணைப்படி அது தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் மெலிந்த துடிப்புகள் நடுவில் அகன்று மீண்டும் மெலிகின்றன. தூண்டியும் கொள்ளளவியும் கொண்ட வடிகட்டி இவற்றைச் சராசரியாக்க, சைன் அலை தோன்றுகிறது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனை எளிய எடுத்துக்காட்டு எனலாம்.

பாலத்தின் ஒரே பக்கத்து மேல், கீழ் ஆளிகள் ஒருகணமேனும் ஒருங்கே மூடியிருத்தலாகாது. மூடின் குறுஞ்சுற்று ஏற்பட்டு அவை எரிந்துவிடும். ஆதலின் ஒன்று திறந்தபின் மற்றது மூடுமுன், ஏறத்தாழ 1 மைக்ரோசெக்கன் இடைவெளி விடப்படும்.

மின்சாரம் மீண்டதும், பல அமைப்புகளில், அதே நிலைமாற்றியும் ஆளிகளும் எதிர்த்திசையில் இயங்கி மின்கலத்துக்கு மின்னேற்றுகின்றன. 100 அம்பியர்-மணி ஈய அமில மின்கலத்துக்கு முதலில் ஏறத்தாழ 10 அம்பியர் செலுத்தப்படும். அழுத்தம் 14.4 வோல்ற்றை எட்டியதும் அதனை அங்கு நிறுத்தி, ஓட்டம் குறைந்தபின் 13.6 வோல்ற்றில் பேணுதல் வேண்டும். மின்கலத்தைப் பயன்படுத்துகையில் அழுத்தம் 10.5 வோல்ற்றுக்குத் தாழ்ந்தால், சாதனங்களைத் துண்டித்தல் அவசியம். இவற்றைப் புறக்கணிப்பின் மின்கலம் விரைவில் பழுதாகும்.

யாவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. மின்சாரம் தடைப்பட்டதும், வீதிக் கம்பியுடனான தொடர்பை முதலில் துண்டித்த பின்னரே இன்வேட்டர் இயங்கத் தொடங்கவேண்டும். இவ்வொழுங்கு பிறழுமாயின், வீட்டு மின்சாரம் வெளியேறி, நிலைமாற்றிகளினூடே பின்னோக்கி ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயரக்கூடும். கம்பி உயிரற்றதென நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிரை அது பறிக்கும். நமது அறையின் ஒளி இன்னொருவரின் உழைப்பில் தங்கியுள்ளது என்பதை, இச்சுற்றை அமைப்போர் எவரும் மறத்தலாகாது.